சிங்கப்பூரில் இருக்கிறார்

யோங் பெங்கில் ஒரு ஆண்பிள்ளையை நாலைந்து நாளாகக் கண்ணில் காணவில்லை என்றால் அவன் சிங்கப்பூரில் இருக்கிறான் என்று பொருள். யாரும் அதற்கு மேல் துருவுவதில்லை. என்ன வேலை என்று கேட்டால் ஷிப்யார்டு என்று ஒரு சொல் போதும். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு மழையைப் பற்றிப் பேசப் போய்விடுவார். பாதி வீட்டு ஆண்கள் உண்மையாகவே பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் பிரேமலாவுக்கு அந்தப் பொய்யை யோசித்துச் செய்யவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. யாருக்கோ தைத்து, அவர்கள் வாங்க வராமல் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிற ரவிக்கை மாதிரி அது தயாராக இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டாள். அளவும் சரியாக இருந்தது.

முதலில் அதை அங்கம்மாவிடம்தான் சொன்னாள். அங்கம்மா பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். தீபாவளி நெருங்கினால் அவள் முறுக்குச் சுட்டு விற்பாள். பிரேமலா ரவிக்கை தைப்பாள். அன்று காலையில் தன் ரவிக்கைத் துணியோடு வந்து கையைத் தூக்கி நின்ற அங்கம்மா, டேப்பு விலாவைச் சுற்றும்போதே கேட்டாள்.

“எங்க புள்ள, காளியக் கண்ணுலயே காணோம்? மோட்டாரும் இல்ல.”

“சிங்கப்பூர் போயிருக்காருக்கா. ஷிப்யார்டுல காண்ட்ராக்ட்டு. தீபாளிக்குத்தான் வருவாரு.”

“சொல்லாம கொள்ளாம போயிட்டான் பாரு. நல்லதுலா. வீட்டுல குந்திக்கிட்டிருந்தா ஆம்பளைக்குப் பைத்தியம் புடிக்கும்.”

குண்டூசியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டதால் பிரேமலா பதில் சொல்லவேண்டி இருக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் கணவன் காளிதாஸ் செகாமட்டில் லாக்கப்பில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

அவன் ஜாகாவாகக் காவல் வேலை பார்த்த மேசை நாற்காலித் தொழிற்சாலையை மூடி மூன்று மாதமாகியிருந்தது. பிறகும் அவன் தினமும் விடிந்ததும் கிளம்பிப் போனான். பெக்கோக் பக்கம் ஒருவரிடம் புல் வெட்டுவதாகச் சொல்லியிருந்தான். போனது தோட்டத்துக்கு. செம்பனைக் குலையை வெட்டித் தள்ளும்போது பழுத்த பழங்கள் சிதறி மரத்தடியில் விழும். அதை உதிரி என்பார்கள். குலையைக் காட்டிலும் எண்ணெய் அதிகம் என்று அதற்குத் தனி மதிப்பு. காளிதாஸ் அந்த உதிரியைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி, கால்வாய்க்குள் கொடிப்பெரணியின் அடியில் மறைத்துவைத்து, மழை நேரமாகப் பார்த்து மோட்டார் சைக்கிளில் ஏற்றி, பழத்தை விலைக்கு எடுக்கும் கடையில் போட்டிருக்கிறான். அவன் பிறந்து வளர்ந்த தோட்டம் அது. அதே மர நெரையில் அவன் அம்மா உதிரி பொறுக்கியிருக்கிறாள், கூலிக்கு. தோட்டத்து ஜாகா பிடித்தபோது, “இது எங்க காடுப்பா” என்று சொன்னானாம். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால்தான் பிரேமலாவுக்கு ஆத்திரம் பொங்கியது. எங்க காடாம். அந்தத் தோட்டத்தை விட்டு அவர்களை வெளியே அனுப்பி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு மரம் கூட அவர்களுடையது இல்லை. தெரிந்துதானே சாக்கைப் பெரணிக்கு அடியில் ஒளித்தான்?

அவள் கூடத்தில் ஒரு மேசை உண்டு. ஊர்ப் பெண்கள் அளவு கொடுக்க வரும்போது கழுத்துச் சங்கிலியையும் வளையலையும் கழற்றி அதன்மேல் வைப்பார்கள். வைத்துவிட்டு மறந்து போனவர்கள் உண்டு; மறுநாள் வந்து, “பிரேமா வீட்டுலதானே, எங்க போவப் போவுது” என்று சிரித்துக்கொண்டே எடுத்துப் போவார்கள். அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கிறவளின் கணவன் திருட்டுக் கேசில் இருக்கிறான் என்றால்? உதிரியோ உலகமோ, திருட்டு திருட்டுதான்.

ரூபினி ஜாமீன் போட்டாள். அவர்களுடைய ஒரே மகள். செனாயில் தொழிற்சாலை வேலை, அங்கேயே விடுதியில் தங்கியிருந்தாள். லீவு எடுத்துக்கொண்டு வந்து, கையெழுத்துப் போட்டு, அப்பாவை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிப் போனாள். பிரேமலா போனில் அவனிடம் ஒன்றுதான் சொன்னாள்: “பின்பக்கமா வாங்க.”

பொழுது சாயும் நேரத்தில் மழையில் நனைந்துகொண்டு பின்சந்து வழியாக வந்தான். குடை கூட இல்லை. அவள் துண்டைக் கொடுத்தாள். தீபாவளிக்குத்தான் வருவார் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. அதற்கு இன்னும் நாள் கிடந்தது.

“எங்க இருக்கட்டும்?” என்று அவனே கேட்டான்.

சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. லைனிங் துணி, அரிசித் தொட்டி, பழைய மிஷின் எல்லாம் கிடக்கும். அதற்குப் பின்சந்தைப் பார்த்து ஒரு ஜன்னல். அட்டையை வெட்டி அவளே அதை மறைத்தாள். ஒரு வாரம் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு வாரம். பிறகு நினைப்பதை விட்டுவிட்டாள்.

வேலையில்லாமல் உட்கார அவனால் முடியவில்லை. முதலில் நூல் பிரித்துக் கொடுத்தான். பிறகு கொக்கி தைக்கக் கேட்டான். ஒருகாலத்தில் செம்பனைக் குலையை அலக்கால் இழுத்த கை. ஆரம்பத்தில் ஊசி அவன் விரலையே தேடித் தேடிக் குத்தியது. பத்து நாளில் பழகிவிட்டது. கொக்கிக் காலை மூன்று சுற்றுச் சுற்றி, அடியில் முடிச்சுப் போட்டு, பல்லால் நூலைக் கடித்து அறுப்பான். “இந்தத் தடவ கொக்கி நல்லா கெட்டியா இருக்கே” என்று கிளினிக்கில் நர்சாக இருக்கும் வினிஃப்ரெட் சொன்னாள். பிரேமலாவுக்கு அந்தப் பாராட்டு பிடித்திருந்தது. பிடித்ததற்காகப் பிறகு கூசியது.

யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் அவள் கத்திரிக்கோலால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த காற்றாடி நின்றுவிடும். இருமல் வந்தால் அவன் தலையணையில் வாயை வைத்து அடக்குவான். அந்தக் காலத்தில் விடாத மழை. துணியெல்லாம் ஒரு ஊறல் வாடை. அந்த அறையில் அது இன்னும் அதிகம். ஒருநாள் மத்தியானம் சோற்றுத் தட்டைக் கதவுக்குள் தரையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, தான் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை என்று. நேற்றும் பார்க்கவில்லை. எழுந்து போய்ப் பார்க்கலாம்தான். பாவாடைக்கு ஓரம் அடிக்க வேண்டியிருந்தது.

கோர்ட்டில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஷர்மினி என்ற இளம் வக்கீல் அவனுக்காக வந்திருந்தாள். அரசாங்கம் ஏற்பாடு செய்து கொடுத்தவள். வெளியே தூணோரம் பிரேமலாவை நிறுத்திப் பேசினாள்.

“ஃபர்ஸ்ட் டைம்தானே ஆன்ட்டி. ஜெயில் வேணாம், கட்டாய வேலை குடுங்கன்னு கேட்டிருக்கேன். டெய்லி நாலு மணி நேரம், மூணு மாசம் வரைக்கும். கூட்டணும், புல்லு வெட்டணும், கால்வா கழுவணும். முடிஞ்சா வீட்டுக்கு வந்திரலாம், வேற வேலைக்கும் போலாம்.”

“எங்க மிஸ் கூட்டணும்?”

“எங்க சொல்றாங்களோ அங்க. பாசார், பஸ் ஸ்டேண்டு. ஒரு வெஸ்ட்டு குடுப்பாங்க, ஆரஞ்சு கலரு. அதப் போட்டுக்கணும்.”

“எங்க ஊர்லயா?”

“உங்க ஊர்லதான் ஆன்ட்டி. அதுக்கு முன்னால ஒரு ஆபீசர் வீட்டுக்கு வருவாரு. அங்கிள் எப்படிப்பட்ட ஆளு, வீட்டுல ஒத்தாசை இருக்கான்னு பாத்து ரிப்போர்ட் குடுப்பாரு. அது நல்லா வந்தா போதும்.”

பிரேமலா கைப்பையின் வாரை இழுத்து விட்டுக்கொண்டே கேட்டாள்: “ஜெயிலுன்னா?”

“ஜெயிலுன்னா சிம்பாங் ரெங்கமோ எங்கயோ. மூணு நாலு மாசம் இருக்கும். அதெல்லாம் ஏன் நெனைக்கிறீங்க?”

நினைத்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்தாள். ஜெயிலில் இருக்கிறவன் சிங்கப்பூரிலேயே இருக்கலாம். தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை, காண்ட்ராக்டை நீட்டிவிட்டார்கள் என்றால் முடிந்தது. ஆனால் பாசாரில் ஆரஞ்சு வெஸ்ட்டோடு கால்வாய் கழுவுகிறவனை எந்தச் சிங்கப்பூரில் கொண்டு வைப்பது? பக்கத்து இருக்கையில் காளிதாஸ் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவதுபோல் இருந்தான். ஊர் நெருங்கியதும் சொல்லாமலே முந்தின நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டான்.

அந்த அதிகாரி வந்தபோது பிரேமலா வீட்டில் இல்லை. லைனிங் துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அவர் கேட்டைத் தட்டியிருக்கிறார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். காளிதாஸ் காற்றாடியை நிறுத்திவிட்டு, அவள் சொல்லி வைத்திருந்தபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். அவர் பக்கத்து வீட்டில் விசாரித்தார். அங்கம்மா வாசலுக்கு வந்து நல்ல மலாயில், காளிதாஸ் சிங்கப்பூரில் ஷிப்யார்டில் இருக்கிறான், போய் ஒரு மாதமாகிவிட்டது, தீபாவளிக்குத்தான் வருவான் என்று விவரமாகச் சொல்லி அனுப்பினாள்.

வக்கீலின் போன் இரண்டு நாள் கழித்து வந்தது.

“ஆன்ட்டி, அங்கிள் எங்க?”

“வீட்டுலதான் மிஸ்.”

“அலமாக், என்ன ஆன்ட்டி நீங்க. ரிப்போர்ட்டுல அவரு சிங்கப்பூர்ல வேலை செய்றாருன்னு போட்டிருக்கு. பெயில்ல இருக்கிற ஆளு. ஓடிட்டாருன்னுதானே கோர்ட்டு நினைக்கும்? யாரு ஆன்ட்டி அப்படிச் சொன்னது?”

பிரேமலா நடுச்சுவரைப் பார்த்தாள். ஷர்மினி குரலை இறக்கிப் பேசினாள். திரும்பப் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கச் சொல்லி அதிகாரியிடம் கெஞ்சியிருப்பதாகவும், அடுத்த வாரம் அவர் மறுபடி வருவார் என்றும், அப்போது அங்கிளும் இருக்கவேண்டும், பக்கத்து வீட்டு அம்மாவும் உண்மையைச் சொல்லவேண்டும் என்றும் சொன்னாள். “வீட்டுல உள்ளவங்களே ஒளிச்சு வச்சா, இந்த ஆளு டெய்லி வேலைக்கு வருவாருன்னு யாரு நம்புவா? இந்தத் தடவையும் சரி வரலன்னா உள்ளதான் ஆன்ட்டி. சொல்லிட்டேன்.”

ஷர்மினி போனை வைத்த கையோடு ரூபினி கூப்பிட்டாள். அழுதிருந்தாள். “நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கேம்மா. அப்பாவ எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு என்னய கேக்குறாங்க. நான் என்ன சொல்றது, பின்னறையிலன்னா?”

அன்று பிரேமலா அவனுக்குச் சோறு போடும்போது கதவைச் சாத்தவில்லை. எதிரே அரிசித் தொட்டியின் மேல் உட்கார்ந்தாள். கருவாட்டுக் குழம்பும் பயற்றங்காய்ப் பொரியலும். அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போனில் பேசியதெல்லாம் அவன் காதிலும் விழுந்திருக்கும்.

“ஏங்க” என்றாள். “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே.”

“சொல்லு.”

“உள்ளயே போயிட்டு வந்திருங்களேன்.”

அவன் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். கோபமில்லை. அவள் சொன்னதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறவன்போல இருந்தான்.

“மூணு மாசம்தானே” என்றாள் அவள். வாய் தானாக ஓடியது. “யாருக்கும் தெரியாது. நான் சமாளிச்சுக்குவேன். இது ஊரு நடுவுல வெஸ்ட்ட மாட்டிக்கிட்டு, எல்லாரும் பாக்க... ரூபினிக்குக் கல்யாணம் பேசுற நேரம். என் வேலையும் போயிரும்ங்க. யாரு வந்து இங்க சங்கிலியக் கழட்டி வைப்பா?”

“சரிதான்” என்றான் காளிதாஸ். “நான் இப்ப எங்க பிரேமா இருக்கேன்?”

அவள் ஜன்னல் அட்டையைப் பார்த்தாள்.

“இல்ல, கேக்குறேன். அங்கன்னா சாயங்காலம் கொஞ்ச நேரம் வெளிய விடுவாங்கன்னு லாக்கப்புல ஒருத்தன் சொன்னான். பந்து கூட வெளையாடலாமாம்.” சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்துவிட்டது. பழக்கத்தில் தலையணையை எடுக்கக் கை போனது. வாசலில் யாரும் இல்லை என்று நினைவு வந்து, கையை எடுத்துக்கொண்டு ஆசை தீர இருமினான். பிறகு தட்டில் தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவினான்.

“நீ எது சொன்னாலும் சரி. திருடுனது நானு. நீ என்ன பண்ணுவ.”

அவன் திட்டியிருந்தால் அவளுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். திருட்டைவிடப் பெரிதாக ஒன்று அந்த அறையில் நடந்துகொண்டிருக்கிறது, அதைச் செய்கிறவள் தான் என்பது, அவன் விட்டுக்கொடுத்த அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அவள் மனதில் இருந்தது ஜன்னல் அட்டை ஒரு மூலையில் கிழிந்திருக்கிறதே, ஒட்டவேண்டுமே என்பது. அந்த மனதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணெய் காயும் வாசம் வந்ததும் அங்கம்மா வீட்டுக்குப் போனாள். அங்கம்மா அடுப்பைப் பின்கட்டில் போட்டு, தகரக் கூரையில் மழை கொட்டக் கொட்ட முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். வந்தவளிடம் பேச்சு கொடுக்காமல் அச்சைக் கையில் கொடுத்தாள். பிரேமலா பிழிய, அங்கம்மா ஒவ்வொன்றாக எண்ணெயில் விட்டாள்.

“அக்கா.”

“ம்.”

“அன்னக்கி ஒருத்தரு வந்து இவரக் கேட்டாராமே.”

“ஆமா, ஒரு மலாய்க்காரரு. சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கிட்டு. சிங்கப்பூருன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

“அவர் கோர்ட்டு ஆளுக்கா.” பிரேமலாவின் கை அச்சை முறுக்கியபடியே நின்றுவிட்டது. “இவரு சிங்கப்பூர் போகவேயில்ல. வீட்டுலதான் இருக்காரு.”

“அது தெரியும்லா” என்றாள் அங்கம்மா, முறுக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

“தெரியுமா?”

“சுவத்துக்கு இந்தப் பக்கம் நான் என்ன கட்டையா கெடக்குறேன்? அவன் இருமுறது எனக்குக் கேக்காதா? நீ கத்திரிக்கோல்ல டொக்கு டொக்குன்னு தட்டுறதும் கேக்குது. காத்தாடி நிக்கிறதும் கேக்குது.”

“பின்ன ஏன்க்கா அவர்கிட்ட அப்படிச் சொன்னீங்க?”

அங்கம்மா அவளை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “நல்லாருக்கே கத. நீ ஒண்ணு சொல்லி வச்சிருக்க, நான் வேற ஒண்ணு சொல்லவா? வந்தது யாருன்னு நான் என்னத்தக் கண்டேன். ஆலோங் ஆளு, வட்டிக்காரன், காளியத் தேடி வந்திருக்கான்னு நெனச்சேன். மெனக்கெட்டு ஷிப்யார்டுன்னு வேற சொல்லி விட்டேன்.”

“வேற யாருக்குக்கா தெரியும்?”

“இந்த லோரோங்குல, சந்து பூரா, யாருக்குத் தெரியாது? அந்த நர்சு, வினிஃப்ரெட்டு, கொக்கியப் பாத்துட்டே சொன்னா, இது ஆம்பள கை இழுத்த முடிச்சுன்னு. பாவம், கடங்காரனுக்குப் பயந்து புருஷன ஒளிச்சு வச்சிருக்கா, நாம எதுக்குக் கேட்டுக்கிட்டுன்னு எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு இருக்கோம்.”

பிரேமலா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் கையைத் தூக்கி நின்று, “வீட்டுக்காரர் போன் பண்ணாரா? அங்க மழையா?” என்று கேட்ட முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. அவளுடைய பொய்யை அவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது அவள் கட்டிய சுவர் இல்லை. ஊர் சேர்ந்து அவளுக்காகப் பிடித்துக்கொண்ட திரை. அதற்குப் பின்னால்தான் அவள் தைரியமாக உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் கடன் என்றுதான் நினைத்திருந்தார்கள். கடன் என்றே விட்டுவிடலாம். கடனுக்கு ஊர் இரங்கும்.

“கடன் இல்லக்கா” என்றாள். “திருட்டு.”

ஜல்லிக்கரண்டி அங்கம்மா கையில் அப்படியே நின்றது. எண்ணெயில் கிடந்த முறுக்கு பொன்னிறம் தாண்டிச் சிவந்து, கறுத்துக்கொண்டு வந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

“என்னத்த?”

“பெக்கோக்குல, தோட்டத்துல உதிரி.”

“உதிரியா?” அங்கம்மாவும் தோட்டத்தில் பிறந்தவள்தான். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். கறுத்த முறுக்கை அள்ளித் தாளில் கொட்டினாள். “இருந்தாலும் அடுத்தவன் மரம்” என்றாள் கடைசியில், அடுப்பைப் பார்த்து. பிறகு, “வரச் சொல்லு அந்த ஆள.”

“என்னன்னு சொல்லுவீங்கக்கா?”

“நடந்தத. எங்கயும் ஓடல, உள்ளதான் கெடந்தான், பொண்டாட்டி அடச்சு வச்சிருந்தான்னு.”

அப்படியேதான் சொன்னாள். அடுத்த வாரம் அதிகாரி வந்து கூடத்தில் உட்கார்ந்து கேட்க, அங்கம்மா நின்றபடியே மலாயில் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். காளிதாஸ் முன்னறைக்கு வந்து வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். அதிகாரி பெரிய குரல் இல்லாதவர். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பின்னறையில் ஜன்னலைக் காட்டி, இது திறக்காதா என்று பிரேமலாவிடம் கேட்டார். திறக்கும் என்றாள். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது, இவர் தினமும் வேலைக்கு வர நீங்கள் உதவியாக இருப்பீர்களா, உங்களுக்கு இதில் சம்மதமா என்றார். சம்மதம் என்று அவள் சொன்னதை அங்கம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயில் இல்லை என்று ஆனது. காளிதாஸ் முன்வாசல் வழியாக வேலைக்குப் போகத் தொடங்கினான். பாசாரின் பின்புறம் மீன் கழிவு அடைத்த கால்வாய், பஸ் ஸ்டேண்டுக் கழிப்பறை, பள்ளிக்கூடத்து வேலியோரம். செய்தி ஊரில் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஒரு பெண் தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவசரமாக ஊருக்குப் போகிறாளாம். மற்றவர்கள் வந்தார்கள். வழக்கம்போலச் சிரித்தார்கள். ஒருத்தி சங்கிலியைக் கழற்றி மேசையில் வைக்காமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, அந்தக் கையைத் தூக்கி நின்றாள். பிரேமலா மூடிய அந்தக் கைக்கு அடியில் டேப்பைப் பிடித்து அளவெடுத்தாள். எழுதிக்கொண்ட அளவு தப்பாகிப்போய் மறுபடி அவளை வரச்சொல்ல வேண்டியதாயிற்று.

சாயங்காலம் அவன் வெஸ்ட்டைக் கழற்றி வாளியில் போட்டுவிடுவான். விளக்கைப் போடாமல் குளியலறையிலேயே பிரேமலா அதைக் கும்மிப் பிழிவாள். வெளிக்கொடியில் போடுவதில்லை. பின்னறையில், காற்றாடிக்குக் கீழே, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிக் காயப்போடுவாள். அவன் வெளியே வந்துவிட்டான். அந்த அறையில் இப்போது அது இருந்தது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஊர்த் தமிழர்கள் எல்லாரும் மயானத்துக்குப் போவார்கள். செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படைத்துவிட்டுத்தான் பண்டிகை. காளிதாஸின் அம்மா அங்கேதான் இருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அவன் சொன்னான்: “நாளைக்கு எங்கள மயானத்துல போட்டிருக்காங்க. புல்லு மண்டிக் கெடக்குதாம். நீ வராத. எல்லாரும் வருவாங்க.”

“படையல்?”

“அம்மா கோவிச்சுக்காது. தீபாளி கழிச்சுப் போய்க்கலாம்.”

அவனே சொல்லிவிட்டான். அந்த நிமிஷம் அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகிச் சுகமாக இறங்கியது. அந்தச் சுகத்தை அவள் கவனித்தாள். பொறுக்கவில்லை. காலையில் எழுந்து மாமியாருக்குப் பிடித்த நெத்திலிச் சம்பலும் வெறும் சோறும் செய்தாள், சீனி தூக்கலாகப் போட்டுப் பால் விடாத கோப்பி ஓ கலந்து போத்தலில் ஊற்றிக்கொண்டாள். புருஷனுக்குப் படைக்கக் கிளம்பிய அங்கம்மா இவளைப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

மயானத்தில் புல்வெட்டும் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. தூறல். வெட்டிய லாலாங் புல்லின் பச்சை வாசமும் சாம்பிராணி வாசமும் கலந்து கிடந்தன. ஆரஞ்சு வெஸ்ட்டு போட்ட ஆறேழு பேர் கல்லறைகளுக்கு நடுவே நகர்ந்துகொண்டிருந்தார்கள். அதிகாரி மரத்தடியில் நின்றார். காளிதாஸ் தொப்பியை இறக்கி, துண்டால் வாயை மூடிக் கட்டியிருந்தான். நடையை வைத்து அவள் கண்டுபிடித்தாள். அவனுக்குப் பக்கமாகப் போன குடும்பங்கள் குடையை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டு போயின. அவனோடு ஒரே தொழிற்சாலையில் இருந்தவன், ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவன், அவனைத் தாண்டும்போது குனிந்து வேட்டியைச் சரிசெய்தான். யாரும் இளக்காரமாகப் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவே இல்லை. எவ்வளவு மரியாதை. காளிதாஸைப் பார்க்காமல் இருக்க இந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்தது தான்தான் என்று பிரேமலா நினைத்தாள்.

மாமியாரின் இடத்துக்கு வந்தாள். சுற்றிலும் எல்லாச் சமாதிகளும் மொட்டையடித்ததுபோலச் சுத்தமாக இருந்தன. அந்த ஒன்றில் மட்டும் புல் முழங்கால் உயரம் நின்றது. அவன் இயந்திரம் இந்தப் பக்கம் வந்திருக்கிறது, அடுத்த சமாதியோடு நின்று, இதைச் சுற்றிக்கொண்டு அப்பால் போயிருக்கிறது. சுற்றிப்போன தடம் தெரிந்தது.

“பிரேமா, என்ன இப்படி வெட்டாம விட்டுட்டாங்க?” என்று ஒரு குரல். கோயில் மகளிர் குழுவில் இருக்கிற யோகேஸ்வரி. பட்டு ரவிக்கை, கொக்கி காளிதாஸ் வைத்தது. அவள் பின்னால் அவள் வீட்டார் நின்றிருந்தார்கள். “வீட்டுக்காரரு எங்க, சிங்கப்பூர்லேருந்து இன்னும் வரலியா?”

தெரிந்துதான் கேட்கிறாள். குத்திக்காட்டுவதற்கு இல்லை, நல்ல மனசோடு, பழைய திரையை எடுத்துக் கையில் கொடுக்கிறாள். லீவு கிடைக்கலக்கா என்று சொன்னால் இவள் தலையாட்டிவிட்டு மழையைப் பற்றிப் பேசுவாள். அந்த வார்த்தை பிரேமலாவின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

“சிங்கப்பூரெல்லாம் போகலக்கா” என்றாள். “அதோ, புல்லு வெட்டுறாரே, அவருதான்.”

யோகேஸ்வரி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் தாம்பாளத்தைப் பார்த்தாள். பிரேமலா ஈரப் புல்லில் கால் புதைய நடந்தாள். இயந்திரச் சத்தத்தில் அவள் கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை; முன்னால் போய் நின்றதும்தான் நிமிர்ந்தான். இயந்திரத்தை அணைத்தான்.

“போ பிரேமா. பாக்குறாங்க.”

“அம்மா எடத்துல வெட்டலயே.”

அவன் துண்டை வாயிலிருந்து இறக்கினான். “இதப் போட்டுக்கிட்டு அம்மா முன்னால நிக்க முடியலடி” என்றான்.

அதிகாரி இங்கே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பி, உரக்க, தனக்குத் தெரிந்த மலாயில், ஒரு இடம் பாக்கியிருக்கிறது துவான், எங்கள் அம்மாவின் இடம், இவர் வெட்டவேண்டும் என்றாள். மயானத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள். அதிகாரி தலையசைத்தார்.

காளிதாஸ் வெட்டினான். கல்லோரத்தில் இயந்திரம் போகாத இடத்தில் மண்டியிட்டுக் கையால் பிடுங்கினான். அவளும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பிடுங்கினாள். முதுகில் ஊரின் பார்வை ஈரத்துணிபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அது விலகவில்லை, விலகும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. சோற்றையும் சம்பலையும் எடுத்து வைத்தாள். கோப்பியை ஊற்றினாள். சூடத்தை அவனிடம் நீட்டினாள்.

வெஸ்ட்டைக் கழற்றக் கையை வைத்தவன், நேரம் முடியவில்லை என்று நினைவு வந்து, விட்டுவிட்டான். அப்படியே குனிந்து ஏற்றினான். அவன் குனிந்தபோது நெஞ்சில் வெஸ்ட்டின் ஒட்டு வார் பிய்ந்திருப்பதை அவள் பார்த்தாள். அந்த இடத்தில் ரவிக்கைக் கொக்கிகள், மேலும் கீழுமாக இரண்டு. மூன்று சுற்று, அடியில் முடிச்சு. சீரான கை.

“இது எப்ப வச்சீங்க?”

“மொத வாரமே பிஞ்சு போச்சு. அன்னக்கே வச்சிட்டேன்.”

“சொல்லவேயில்ல.”

காளிதாஸ் சூடத்தின் மேல் தூறல் படாமல் இரண்டு கையையும் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“நீதானே தெனமும் தொவைக்கிற” என்றான்.